சேதுக்கரைப் படகு



மேசை நாற்காலி செய்யும் தச்சர் தம் வேலையில் மயிரிழை பிசகினாலும் பெருங்கேடு விளைந்துவிடாது. நாற்காலி சற்றே ஆடும்; காலின்கீழ் அட்டைத் துண்டொன்றை மடித்து வைத்துவிடுவோம். தலைமையாசிரியனாக நான் இருந்த அறையிலும் அத்தகைய நாற்காலி ஒன்று இருந்தது. படகு கட்டுபவர்க்கு இந்தச் சலுகை இல்லை. அவர் பிழையைக் கடல்நீர் உடனே கண்டுபிடித்துவிடும். இராமேசுவரம் தீவில், தச்சுத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொள்ளாத ஒருவர் முன்னின்று கட்டிய படகொன்றின் வரலாற்றைச் சொல்ல விழைகிறேன்.

அவர் பெயர் ஜைனுலாப்தீன். பள்ளிவாசல் தெருவில் வாழ்ந்தவர். தொழுகையை முன்னின்று நடத்தியவர். முறையான கல்வி மிகுதியாகப் பெற்றவரல்லர். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பிறந்த அவருடைய மகனே, பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம்.

மகனுக்கு ஆறு வயதாயிருந்தபோது தந்தையார் படகு கட்டத் தொடங்கினார் என்று ‘அக்னிச் சிறகுகள்’ நூலால் அறிகிறோம். கணக்கிட்டால் 1937ஐ ஒட்டிய காலமாகிறது. பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டது முதல் யாத்திரிகர்கள் ரயிலிலேயே தீவை அடைந்தனர். கோயிலில் வழிபட்டபின் சேதுவில் நீராடத் தனுஷ்கோடி செல்லவேண்டுமன்றோ? அவர்களை ஏற்றிச் சென்று மீட்டுவரவே அந்தப் படகு. இராமபிரானின் அடியார்களுக்கு ஓர் இமாம் படகு கட்டியது அத்தீவில் யாருக்கும் வியப்பாக இருந்ததாகத் தெரியவில்லை.

படகு கடற்கரை மணலிலேயே உருவாயிற்று. உறவினர் அகமது ஜலாலுதீன் துணைநின்றார். சிறுவன் அருகிருந்து பார்த்தான். விறகுத் தீயின் வெப்பத்தில் மரத்தைப் பதப்படுத்தினார்கள். ஏன் என்று நீங்கள் கேட்கவேண்டும். பச்சை மரத்தில் நீர் மிகுதி. காயுங்கால் பலகை அகலத்தில் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். நீளத்திலோ ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. ஈரப்பலகைகளை நெருக்கிப் பொருத்திய படகைக் கரையில் வெயில்பட வைத்தால், பலகைக்குப் பலகை இடைவெளி விழுந்துவிடும். வெப்பத்தால் வேறொரு பயனும் உண்டு. ஈரமும் சூடும் சேருமிடத்து மரநார்களைப் பிணைக்கும் பொருள் இளகுகிறது. அப்போது பலகை வளைந்து கொடுக்கும், ஆறியபின் வளைந்தவாறே நிற்கும்.

அடியில் ஏரா, அதன்மேல் விலா எலும்புகளைப் போல வங்குகள், அவற்றைப் போர்த்த பலகைகள். பொருத்துவாய்களில் பஞ்சோ நாரோ திணித்து, பிசினும் எண்ணெயும் பூசி அடைப்பதற்குக் கலப்பற்று என்று பெயர். அது போர்ச்சுகீசியரிடமிருந்து நம் மொழிக்கு வந்த சொல். கலம் கட்டும் தொழிலோ இக்கரையில் அவர்களுக்கு மிக முந்தியது.

அத்தொழிலின் வன்மைக்கு எதிர்க்கரையிலிருந்து ஒரு சான்று காட்டலாம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். அது தமிழ் மாலுமிகளோடு புறப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

ஜைனுலாப்தீனின் படகு அவ்வளவு தொலைவு செல்லவில்லை. ஆயினும் நன்றாக ஓடியது, வருவாயும் தந்தது. பிறகு ஒரு புயல் வீசியது. சேதுக்கரை நிலத்தின் ஒரு பகுதியோடு படகும் போயிற்று. 

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய பெரும்புயலை நீங்கள் அறிவீர்கள். தனுஷ்கோடிப் பட்டணமே அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலை அலை விழுங்கியது. அந்த ரயில் பாம்பன் பாலத்திலிருந்து வீழ்ந்ததென்று எழுதுவோர் உளர், அது பிழை. அது மூழ்கியது தனுஷ்கோடிக்கு அருகில். பாலமும் தனியே சிதைந்தது. ஸ்ரீதரன் என்னும் பொறியாளர் 46 நாட்களில் அதனைச் செப்பனிட்டார். தனுஷ்கோடிக்கோ ரயில் மீண்டும் செல்லவேயில்லை.

படகு கட்டியதைப் பார்த்திருந்த சிறுவன் தும்பாவில் ராக்கெட்டுப் பணியில் சேர்ந்து, கண்ணாடியிழைப் பொருள்களை ராக்கெட்டு உறுப்புகளுக்குப் பயன்படுத்தும் ஆய்வில் ஈடுபட்டார். அத்தகைய கண்ணாடியிழையில் வார்த்த படகுகள் இன்று நம் கடற்கரையெங்கும் உள்ளன. அவற்றுக்கு ஏரா பொருத்தவேண்டியதில்லை, கலப்பற்றும் வேண்டியதில்லை. மரப்படகுகளும் அற்றுப்போகவில்லை. அண்மையில் பாம்பன் கரையில், சாய்த்து நிறுத்திய ஒரு பழம்படகின் பக்கத்தில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். உளியின் பின்புறத்தால் ஒவ்வொரு பலகையாகத் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, மட்கிய பலகைக்கு மட்டும் சுண்ணாம்பால் குறியிட்டுக்கொண்டிருந்தார்.