சாமான் வந்து சேர்ந்ததா?

ஒரகடத்தில் குடியேறியிருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பாய், வேறொன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம். பதினொரு வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்பியிருக்கிறார்கள். வீட்டுச் சாமான் கப்பலில் வருகிறது. "ஆறே வாரம்" என்று ஏஜெண்டு சொல்லியிருந்தாராம். நான் போனது பன்னிரண்டாவது வாரம்.

"கட்டிலும் பீரோவும் எப்போது வந்தால் என்ன, அண்ணா? அம்மா எழுதிய கடிதங்களையும் அதிலேயே போட்டுவிட்டேன். காப்பி இயந்திரத்தைக் கையோடு கொண்டுவந்தேன். கடிதப் பெட்டியைக் கப்பலுக்கு அனுப்பினேன். என் புத்தியை என்ன சொல்ல!" என்றாள்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஆகவே சரித்திரம் சொல்ல ஆரம்பித்தேன்.

கப்பல் சாமானுக்கும் சென்னைக்கும் உள்ள வழக்கு மிகப் பழையது. 1639-ல் பிரான்ஸிஸ் டே கும்பினிக்காக இந்தக் கடற்கரையைப் பெற்றபோது இங்கே துறைமுகம் ஏது? கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சும். மாதக்கணக்கில் கடல் கடந்து வந்த மனிதர்களும் பெட்டிகளும் அங்கிருந்து கரை சேர மசூலாப் படகில் இறங்க வேண்டும். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு அது. அலை அறைந்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்கிவிடக் கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள். மனிதர்களைத் தூக்கலாம், முழுகிய பெட்டியை யார் தூக்குவது?

துறைமுகத்துக்கு 1875-ல் வேல்ஸ் இளவரசர் கல் நாட்டினார். 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து சுவர்களைப் பெயர்த்தெறிந்தது. திரும்பவும் கட்டினார்கள், மணல் வந்து வாசலை அடைத்தது. 1904-ல் பொறுப்பேற்ற ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங், வாசலையே வடகிழக்குப் பக்கம் திருப்பி வைத்த பிறகுதான் கப்பல்களுக்கு நிம்மதி.

"கரைக்கு வந்த பிறகாவது தொல்லை விட்டதா?" என்றாள் தங்கை.

எங்கே விட்டது? அவள் வீட்டுக்கு மேற்கே இருக்கிறது காஞ்சிபுரம். 1780-ல் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமையில் புகுந்தபோது, கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோ அங்கே முகாமிட்டிருந்தார். அவரோடு சேர்ந்துகொள்ள வடக்கே குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி ஒரு படையோடு வந்தார். கொற்றலையாற்றங்கரையில் ஒரு ராத்திரி தங்கினார். பொழுது விடிவதற்குள் வெள்ளம்! ஆற்றைக் கடக்கச் சுமார் பத்து நாள் ஆயிற்று. அதற்குள் திப்பு வந்து வழியை மறித்துவிட்டான்.

மன்றோ ஏன் ஓடிப்போய் உதவவில்லை? அங்கேதான் சாமான் குறுக்கே வந்தது. காஞ்சியில் அவருடைய பெரிய பீரங்கிகளும் தானியமும் இருந்தன. விட்டுப் போனால் ஹைதர் கைக்குப் போய்விடுமே! ஒரு சிறு படையை மட்டும் அனுப்பிவிட்டு அவற்றுக்குக் காவல் இருந்தார். செப்டம்பர் 10-ஆம் தேதி பொள்ளிலூரில் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, பெய்லியின் படை அழிந்தது. மிஞ்சியவர்கள் சிறைப்பட்டார்கள். பெய்லி 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே மாண்டார்.

அந்தப் பீரங்கிகள் என்னவாயின? மறுநாளே மன்றோ அவற்றைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்!

தங்கை சிரிக்கவில்லை. "அவரும் என்னைப் போலத்தான்" என்றாள்.

இன்று அந்த அலையும் இல்லை, ஹைதரும் இல்லை. 1956 ஏப்ரல் 26-ல் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளி, 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். கண்டெய்னர் யுகம் பிறந்தது. 1983-ல் சென்னையில் அதற்கென்றே தனித் துறை வந்துவிட்டது. இப்போது தாமதம் செய்வது காகிதம். பட்டியலில் "இதர சாமான்கள்" என்று எழுதியிருந்தால், இதர என்றால் என்ன என்று கேள்வி. அதற்குப் பதில் எழுதினால் பாஸ்போர்ட்டைக் காட்டு என்கிறார்கள். அப்புறம் சாலை. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை போட 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. 2022-ல் மறுபடியும் அடிக்கல்!

திரும்பும் வழியில் ஸ்ரீபெரும்புதூர்க் கோபுரத்தைப் பார்த்தேன். அந்த ஊரில் அவதரித்த ராமானுஜர் சகலத்தையும் துறந்தவர். வைணவர்கள் அவருக்கு வைத்த பெயரோ உடையவர்! பொருத்தமான பெயர்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

பதினான்காவது வாரம், நடுநிசியில், லாரி வந்தது. தங்கை அழைக்க, மறுநாள் போனேன். கட்டிலிலும் பீரோவிலும் ஒரு கீறல்கூட இல்லை. ஒரே ஒரு பெட்டிதான் நனைந்திருந்தது. அது எது என்று நான் கேட்கவில்லை. கூடமெல்லாம் கடிதங்களைப் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். பால்பாயிண்டில் எழுதியவை தப்பின. அம்மா பேனா மையில் எழுதிய பழைய கடிதங்கள் வெறும் நீலக் கறையாகியிருந்தன.

நானும் கீழே உட்கார்ந்து, மிச்சமிருந்ததை வாசிக்க ஆரம்பித்தேன். வெகு நேரம் கழித்து, "அடுத்த தடவை ஊர் மாறும்போது காப்பி இயந்திரத்தைக் கப்பலில் போடு" என்றேன்.

"அடுத்த தடவையா!" என்று அவள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.