'நகராட்சி' என்னும் ஒரு சொல்: அமெரிக்கப் பழங்குடி நிலங்களில் குப்பைக்கான நிதி

அமெரிக்கப் பழங்குடிகளின் நிலத்தில் சேரும் குப்பையை அகற்ற யார் பணம் தர வேண்டும் என்ற கேள்வியின் வரலாறு, பெருமளவில் ஒரு சட்டச் சொல்லின் வரலாறாகவே இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் வளப் பாதுகாப்பு மற்றும் மீட்புச் சட்டம் திறந்தவெளிக் குப்பைமேடுகளைத் தடைசெய்தது. அதன் சொற்பொருள் விளக்கப் பகுதி, நகரம், கவுண்டி ஆகியவற்றோடு பழங்குடிகளையும் அலாஸ்காவின் பூர்வகுடிச் சிற்றூர்களையும் 'நகராட்சி' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியது. (அச்சட்டங்கள் இம்மக்களை 'இந்தியர்' என்றே எழுதுகின்றன, நம் வாசகர்களுக்கு அது தரும் குழப்பம் கொலம்பஸ் விட்டுச் சென்றது.)

நகராட்சி என்றால் அதற்கொரு கருவூலம் வேண்டும். அமெரிக்க நகரங்கள் சொத்து வரியாலும் கடன் பத்திரங்களாலும் குப்பைச் செலவைச் சமாளிக்கின்றன. பழங்குடி ஒதுக்கு நிலத்தின் பெரும்பகுதியோ நடுவண் அரசு பொறுப்பாளராக இருந்து வைத்திருக்கும் நிலம். அதன்மீது மாநிலமோ கவுண்டியோ சொத்து வரி விதிக்க இயலாது. அதை எளிதில் ஈடுவைத்துக் கடன் பெறவும் இயலாது. மாநிலங்களின் ஒழுங்காற்று அதிகாரமும் பொதுவாக அங்கே செல்லாது என்பதால், மாநிலங்களை முன்னிறுத்தி வகுக்கப்பட்ட திட்டமிடல் ஏற்பாடுகளும் அம்மக்களைச் சென்றடையவில்லை. பெயர் நகராட்சி, கை வெறுங்கை.

இதன் விளைவு தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜில் வெளிப்பட்டது. ஒக்லாலா சூ மக்கள் வாழும் அவ்வொதுக்கு நிலத்தின் குடியிருப்பாளர்கள், தம்மைச் சூழ்ந்த குப்பைமேடுகளை எதிர்த்து 1980களில் வழக்குத் தொடுத்தனர். 'புளூ லெக்ஸ்' வழக்கு என்று அறியப்படும் அதில், 1989இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு முடிவுகளை அளித்தது. முதலாவது, இந்திய விவகாரப் பணியகமும் இந்தியர் சுகாதாரச் சேவையும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. அவற்றின் அலுவலகங்களும் மருத்துவ நிலையங்களும் உண்டாக்கிய குப்பையும் அதே மேடுகளில்தான் சேர்ந்தது. இரண்டாவது, பழங்குடி அரசும் பொறுப்பாளியே. வழக்குக்கு உட்படாமல் இருக்கும் இறையாண்மைக் காப்பு பழங்குடி அரசுகளுக்கு உண்டு. ஆனால் சட்டப்படி 'ஆள்' என்பதில் நகராட்சி அடங்கும், நகராட்சி என்பதில் பழங்குடி அடங்கும். எனவே குடிமக்கள் அதன்மீதும் வழக்குத் தொடுக்கலாம் என்று நீதிமன்றம் கூறியது. முதல் முடிவு பழங்குடி உரிமை வரலாற்றில் பெரிதும் பேசப்படுகிறது. இரண்டாவதற்கும் அதே அளவு கவனம் தர வேண்டும்: பணமில்லாத ஓர் அரசின்மீது பணம் தேவைப்படும் கடமை அங்கே உறுதியானது.

அடுத்த அடி 1991இல் விழுந்தது. குப்பைக் கிடங்குகளுக்கு அடிவிரிப்பு, நிலத்தடி நீர்க் கண்காணிப்பு, மூடிய பின் முப்பது ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றைக் கோரும் புதிய நடுவண் விதிகள் வெளியாயின. அவை நல்ல விதிகளே. ஆயினும் சில நூறு குடும்பங்கள் பரந்து சிதறி வாழும் நிலப்பரப்பில், அத்தகைய கிடங்கைக் கட்டுவதும் நெடுந்தொலைவு லாரியில் குப்பையை அனுப்புவதும் ஒருசேர எட்டாக்கனி.

நிதி வராமல் இல்லை. 1992இன் பொது உதவித் திட்டம், ஒவ்வொரு மானியமும் குறைந்தது 75,000 டாலராக இருக்க வேண்டும் என்றது. ஆனால் அதன் மையச் சொல் 'திறன்'. திட்டம் தீட்டலாம், அலுவலர் அமர்த்தலாம், பயிற்சி பெறலாம். வாரந்தோறும் வீடுவீடாகக் குப்பை அள்ளும் வண்டிக்கு எரிபொருள் நிரப்புவது நெடுங்காலம் அதன் எல்லைக்கு வெளியிலேயே நின்றது. 1994இன் திறந்தவெளிக் குப்பைமேடு அகற்றுச் சட்டம், பழங்குடி நிலங்களில் குறைந்தது 600 குப்பைமேடுகள் உள்ளதாகத் தன் முகப்பிலேயே பதிவுசெய்து, கணக்கெடுப்பையும் முன்னுரிமைப் பட்டியலையும் சுகாதாரச் சேவையிடம் ஒப்படைத்தது. மூடுவதற்கான பணம் மட்டும் ஆண்டுதோறும் காங்கிரஸ் ஒதுக்கும் தொகையை நம்பியிருந்தது.

இந்த வெற்றிடத்தில்தான் வேறொரு நிதி வழி புகுந்தது: பிறருடைய குப்பை. மெக்சிகோ எல்லையருகே சான் டியகோ கவுண்டியில் உள்ள சிறு காம்போ பழங்குடி, வெளிக் குப்பையை ஏற்கும் வணிகக் கிடங்கொன்றைத் தன் நிலத்தில் அமைக்க முன்வந்தது. அதை ஒழுங்குபடுத்தத் தனக்கெனச் சுற்றுச்சூழல் முகமையையும் நிறுவிக்கொண்டது. இதை வெறும் குப்பைக் காலனியம் என்று தள்ளிவிடும் ஆய்வுகள், வருவாய்க்கு வேறு வழி தேடிய ஒரு சமூகத்தின் கணக்கைக் கேட்க மறுக்கின்றன. எதிர்த்த அண்டை நில உரிமையாளர்களின் அச்சமும் பொய்யன்று. அப்பகுதி குடிநீருக்கு நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது.

காம்போவின் அனுமதித் திட்டத்துக்கு நடுவண் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1995இல் ஒப்புதல் தந்தது. 1996இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. மாநிலங்களின் திட்டங்களுக்கே ஒப்புதல் தர முடியும். பழங்குடி என்பது மாநிலமன்று, நகராட்சி என்பதே காரணம். குடிநீர், நீர்மாசு, காற்று மாசு பற்றிய சட்டங்களை 1986, 1987, 1990 ஆண்டுகளில் திருத்தி, பழங்குடிகளை மாநிலம்போல் நடத்த காங்கிரஸ் வழிவகுத்திருந்தது. குப்பைச் சட்டத்தில் அத்திருத்தம் வரவில்லை. ஏழாண்டுகளுக்கு முன் பழங்குடி அரசை வழக்குக்கு உட்படுத்திய அதே சொல், இப்போது அதன் ஒழுங்காற்று அதிகாரத்தை மறுத்தது.

தனித்தனிக் கிடங்குக்குத் தனித்தனி விதி கோரலாம் என்ற மாற்று வழியை நீதிமன்றம் சுட்டியது. மறு ஆண்டே அதற்கான வரைவு வழிகாட்டியை முகமை வெளியிட்டது. காம்போவில் அக்கிடங்கு கட்டப்படவேயில்லை.