டிரா கையை விடுதல் (போக்கர்)

போக்கரில் இன்னும் ஒரு சீட்டு விழுந்தால்தான் ஸ்ட்ரெய்ட் (தொடர்வரிசையில் ஐந்து சீட்டு) அல்லது ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) ஆகும் நிலையில் நிற்கும் கைக்கு 'டிரா' என்று பெயர். எதிராளி பந்தயம் வைத்ததும், அதற்கு ஈடாகப் பணம் கட்டி அந்தச் சீட்டுக்குக் காத்திருப்பதா, ரம்மியில் டிராப் ஆவதுபோல விலகுவதா என்ற கேள்வி எழுகிறது. விலகுவது 'ஃபோல்டு'. லாபமும் நட்டமும் ஏறக்குறைய சமமாகத் தெரியும் டிராவில்தான் இந்த முடிவு கடினம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸிலும் மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளிலும் பரவிய போக்கருக்கு 20 சீட்டுகளே இருந்தன. நால்வருக்கு ஐந்தைந்தாகப் போட்டால் கட்டு தீர்ந்துவிடும். எடுக்கச் சீட்டு மிஞ்சாத ஆட்டத்தில் டிராவுக்கு இடமே இல்லை. 52 சீட்டுக் கட்டும், ஃபிளஷும், வேண்டாத சீட்டைக் கொடுத்துப் புதியது வாங்கும் முறையும் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டிச் சேர்ந்தன. ஸ்ட்ரெய்ட்டை ஏற்பதா என்பது அதன் பிறகும் வெகுகாலம் இடத்துக்கு இடம் மாறியது. 1870களில் பிரிட்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த ராபர்ட் ஷென்க் எழுதிய டிரா போக்கர் விதிகள் அங்கே அச்சேறின. ஒரு தூதரின் பெயர் சீட்டாட்டத்தால் நிலைத்தது விந்தைதான்.

நடுவில் ஓட்டை விழுந்த ஸ்ட்ரெய்ட்டுக்குப் பணம் கட்டக் கூடாது என்பது பழைய ஆட்டக்காரர்களின் விதி. கணக்கும் அதையே சொல்கிறது. கையிலுள்ள ஐந்து சீட்டுகளில் நான்கு 5, 6, 8, 9 ஆக இருந்தால் உதவுவது 7 மட்டுமே. கண்ணில் படாத 47 சீட்டுகளில் அது நான்கு, வாய்ப்பு 8.5 சதவீதம். 6, 7, 8, 9 என இரு முனையும் திறந்திருந்தால் எட்டுச் சீட்டு உதவும், 17 சதவீதம். ஒரே இனத்தில் நான்கு இருந்தால் ஒன்பது, 19.1 சதவீதம்.

டெக்சாஸின் ராப்ஸ்டவுனில் பிறந்ததாகக் கருதப்படும் ஹோல்டம் ஆட்டம் 1960களில் லாஸ் வேகாசுக்கு வந்தது. அதிலும் ஃபிளாப் எனப்படும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விழுந்ததும், கையிலுள்ள இரண்டோடு சேர்த்து ஆட்டக்காரர் பார்த்திருப்பது ஐந்து சீட்டுகளே என்பதால் மேற்சொன்ன எண்கள் அப்படியே பொருந்தும். ஆனால் டர்ன், ரிவர் என இன்னும் இரண்டு பொதுச் சீட்டு வரவிருப்பதால், கடைசிவரை இருந்தால் ஃபிளஷ் டிரா 35 சதவீதம் நிறைவேறும். தவறு இங்கேதான் புகுகிறது. டர்னில் எதிராளி மறுபடி பந்தயம் வைப்பார் என்பதை மறந்து, பலர் 35ஐயே நம்பிக் கட்டுகிறார்கள்.

டர்ன் விழுந்தபின் நடுவில் சேர்ந்த பந்தயப் பணமாக (பாட்) 100 டாலர் கிடக்க, எதிராளி 50 வைக்கிறார் என்க. 150ஐ வெல்ல 50 கட்ட வேண்டும். அதற்கு 25 சதவீத வாய்ப்பாவது தேவை. ஃபிளஷ் டிராவுக்கு இருப்பது 46இல் 9, அதாவது 19.6 சதவீதம். கணக்குப்படி விலக வேண்டும். சீட்டு விழும்போது ரிவரில் எதிராளியிடமிருந்து சராசரியாக இன்னும் 56 டாலராவது கறக்க முடியும் என்றால் மட்டுமே கட்டலாம். பின்னால் வரக்கூடிய இந்தப் பணத்தையும் சேர்த்து எடைபோடும் முறையை டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் 'தி தியரி ஆஃப் போக்கர்' (1987) விளக்குகிறது. சிறிய சீட்டுகளால் ஆன ஃபிளஷ் விழுந்தும் பெரிய ஃபிளஷிடம் தோற்கக்கூடும். மேசையில் ஜோடி விழுந்திருந்தால் எதிராளியிடம் ஃபிளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்றும் ஒரு ஜோடியும்) இருக்கலாம். இவற்றையும் கழித்தால் எல்லைக்கோட்டு டிராக்களில் பெரும்பாலானவை விடத் தக்கவையே. தொடர்வோர் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்குப் பின்னால் இருப்பது ஆசையே, கணக்கல்ல.

இத்தகைய கணக்கை முழு ஆட்டத்துக்கும் விரித்து, பந்தயத் தொகைக்கு வரம்புள்ள, இருவர் ஆடும் லிமிட் ஹோல்டமுக்கு 2015இல் கணினி வழியே தீர்வு காணப்பட்டது. இந்தியாவில், போக்கர் திறன் சார்ந்த ஆட்டமே என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ஏற்றது. ஆனாலும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது.