மதுவிலக்கிலிருந்து வயது வரம்புக்கு: வட ஆர்க்காட்டுத் தோல் தொழில் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21. இதனை 18 ஆகக் குறைக்கலாமா என்னும் வினா பெரும்பாலும் தனிமனித உரிமை, உடல்நலம் என்னும் இரு நிலைகளில் மட்டுமே பேசப்படுகிறது. இவ்வரம்பு எச்சூழலில் உருவானது, உண்மையில் அது யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பவற்றை வேலூர், ஆம்பூர் வட்டாரத்தின் மதுவிலக்கு வரலாற்றோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மதுவிலக்கு, வயது வரம்பு, வட ஆர்க்காடு, தோல் தொழில், டாஸ்மாக்

1. பதினெட்டும் இருபத்தொன்றும்

வேலூரின் தென்புறத்தில் உள்ள பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கல்லூரி வளாகமும் அதன் மனநல மையமும் அமைந்துள்ளன. பாகாயத்தைச் சூழ்ந்த பாலாற்றுப் படுகையில் கிழக்கே இராணிப்பேட்டை, மேல்விசாரம், மேற்கே பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் தொடர்கின்றன. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ‘ஷூ கம்பெனி’ வேலைக்குச் செல்வது இவ்வட்டாரத்தில் இயல்பான ஒன்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் வயது வந்த தொழிலாளர். அவர் ஒப்பந்தம் செய்யலாம்; அரசமைப்பின் 61-ஆம் திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தபின் வாக்களிக்கலாம். ஆயின் ஆணுக்குத் திருமண வயது 21. மதுக்கடையிலும் வயது 21. ஆலை வாயிலில் முழு ஆளாகக் கணக்கிடப்படுபவர் கடை முகப்பில் முழு ஆளாகக் கொள்ளப்படுவதில்லை. வரம்பைக் குறைக்க வேண்டும் என்போரின் முதன்மையான வாதம் இம்முரணிலிருந்தே தொடங்குகிறது. முரண் உண்மையானது, அது எவ்வாறு நேர்ந்தது என்பதே ஆராயத்தக்கது.

2. இரு வறண்ட மாவட்டங்களுக்கு இடையில்

இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1938-இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939 அக்டோபரில் வட ஆர்க்காட்டுக்கும் அது விரிந்தது. இவ்வரிசையை நிலப்படத்தோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். வாணியம்பாடியை உள்ளடக்கிய திருப்பத்தூர் வட்டம் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டில் வட ஆர்க்காட்டுடன் இணைக்கப்பட்டது. அந்த நிர்வாக மாற்றம் நிகழாதிருப்பின் வாணியம்பாடிக்கு 1937-இலேயே மதுவிலக்கு வந்திருக்கும். நிகழ்ந்தமையால் அதன் தென்மேற்கு எல்லைக்கு அப்பால் கடைகள் மூடப்பட்ட நிலையில் எல்லைக்கு இப்பால் அவை இரண்டாண்டுகள் திறந்திருந்தன. 1938-க்குப் பின் வடக்கே சித்தூரும் வறண்டபோது வட ஆர்க்காடு இரு மதுவிலக்கு மாவட்டங்களுக்கு இடையே ஓராண்டு நின்றது. ஒருவர் குடிக்கலாமா என்பதை அக்காலத்தில் தீர்மானித்தது அவருடைய வயதன்று, அவர் எல்லைக்கு எப்பக்கம் வாழ்ந்தார் என்பதே.

வட ஆர்க்காட்டின் சேர்க்கைக்கு ஒரு நிதிப் பின்னணியும் உண்டு. கள், சாராயக் கடைகளின் வழி வந்த அப்காரி வருவாயின் இழப்பை ஈடுசெய்யவே சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் 1939-இல் இயற்றப்பட்டது. இந்தியாவில் பொது விற்பனை வரியின் தொடக்கம் அதுவே. ஆனால் வட ஆர்க்காட்டில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த அதே மாத இறுதியில், போர்ப் பிரகடனத்தை எதிர்த்து அமைச்சரவை பதவி விலகியது. சேலத்தில் மதுவிலக்கை ஊட்டி வளர்க்க ஓர் அரசியல் தலைமை இருந்தது. வட ஆர்க்காட்டுக்கு அது சில வாரங்களே கிட்டியது. எஞ்சிய காலம் அதிகாரிகளின் ஆட்சி. போர்க்காலத்தில் அவ்வாட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்ததில் வியப்பில்லை. 1946 முதல் படிப்படியாக மீண்டும் தொடங்கப்பட்ட மதுவிலக்கு 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுமைக்கும் உரியதாயிற்று.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சுட்டலாம். வட ஆர்க்காட்டுத் தோல் தொழில் ஆவாரம்பட்டையை நம்பி வளர்ந்தது. சாராயம் வடிப்போருக்கும் ஒரு பட்டை தேவைப்பட்டது, அது வெள்வேல மரத்தினுடையது. ‘பட்டைச் சாராயம்’ என்னும் பெயர் அதனால் வந்தது. இரண்டும் வறண்ட புதர்க்காட்டின் விளைச்சல்கள். ஒன்று ஏற்றுமதிப் பொருளுக்கு மூலமாயிற்று, மற்றொன்று குற்றப் பொருளாயிற்று.

3. சட்டத்தின் பார்வையில் குடிப்பவர்

1937-ஆம் ஆண்டுச் சட்டம் இளையோரைக் காக்க எழுந்ததன்று. இராஜாஜி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 1929 முதல் வெளியிட்ட ‘விமோசனம்’ இதழ் மதுவிலக்கிற்கெனவே நடத்தப்பட்டது. அவ்வியக்கத்தின் அக்கறை உழைக்கும் குடும்பத்தின் கூலி கடைக்குப் போய்விடுகிறது என்பதே, குடிப்பவரின் வயதன்று. தடை அனைவருக்கும் பொது. விலக்கு அனுமதிச் சீட்டின் வழியே. அச்சீட்டு யாருக்கு எளிதில் கிடைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வயது வந்த தொழிலாளர் ஒவ்வொருவரையும் அச்சட்டம் பாதுகாப்பிற்குரிய சிறாரைப் போலவே நடத்தியது எனலாம். எனவே தனியாக ஒரு வயது வரம்பு அதன் மையத்தில் இடம்பெறத் தேவை எழவில்லை.

கடை திறந்தால்தான் ‘யாருக்கு விற்கலாம்’ என்னும் வினா பிறக்கும். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மீண்டும் தளர்ந்தது. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனைக்கென நிறுவப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பனை இல்லை என்னும் இன்றைய கட்டுப்பாடு இச்சில்லறை விற்பனை விதிகளைச் சார்ந்தது. மதுவிலக்குச் சட்டம் பல பத்தாண்டுகளாக மேடைகளிலும் தேர்தல்களிலும் வாதிக்கப்பட்டது. வயது வரம்போ அத்தகைய பொது விவாதம் எதனையும் சந்திக்காமல், கடை நேரம், கடையமைவிடம் முதலியவற்றோடு ஒரு விதியாக அமர்ந்துகொண்டது. 2003-க்குப்பின் விதியை வகுப்பதும் அரசு, விற்பதும் அரசு. ஆகவே வரம்பைக் குறைத்தல் என்பது குடிமகனுக்கு ஒரு சுதந்திரம் வழங்குதல் என்பதோடு நில்லாது, அரசு தன் கடைக்கே மூன்று வயதுப் பிரிவினரைப் புதிய வாடிக்கையாளராகச் சேர்த்துக்கொள்வதுமாகும். தனியார் விற்கும் மாநிலங்களின் வாதங்களை இங்கே அப்படியே பொருத்துவோர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர்.

4. பிற இடங்களின் படிப்பினை

கர்நாடக அரசு 2023 ஜனவரியில் வயது வரம்பை 21-இலிருந்து 18 ஆகக் குறைக்க வரைவு விதி வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்தபின் கைவிட்டது. அங்குக் கலால் சட்டம் 18 என்கிறது, விதி 21 என்கிறது. சட்டத்தோடு விதியை ஒத்திசையச் செய்வதே நோக்கம் எனக் காரணம் கூறப்பட்டது. கேரளம் எதிர்த்திசையில் சென்று 21-ஐ 23 ஆக உயர்த்தியது. அமெரிக்காவில் 1971-இல் வாக்குரிமை வயது 18 ஆனதும் பல மாநிலங்கள் குடி வயதையும் குறைத்தன. இளையோரின் சாலை மரணங்கள் பெருகவே, 21-ஐ ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்தும் சட்டம் 1984-இல் வந்தது.

சாலை என்னும் கூறு வேலூர் வட்டாரத்திற்கு அயலானதன்று. சென்னை, பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை இத்தொழில் நகரங்களை ஊடுருவிச் செல்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே.பாலு தொடுத்த வழக்கிலிருந்து எழுந்ததாகும். சிறிய ஊர்களுக்கு 220 மீட்டர் எனவும், பின்னர் நகராட்சிப் பகுதிகளுக்குப் பொருந்தாது எனவும் அது தளர்ந்தது. 1939-இன் மாவட்ட எல்லையைப் போலவே 2017-இலும் அளவுகோல் நிலத்தின் மேல் வைக்கப்பட்டது.

5. கள்ளச்சாராய வாதமும் பதினேழு வயதினரும்

சட்டம் தடுத்தால் இளைஞர் கள்ளச்சாராயத்தை நாடுவர், ஆகவே வரம்பைக் குறைப்பதே பாதுகாப்பு என்பது மற்றொரு வாதம். மதுவிலக்குக் காலத்தைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை உண்டு. மலையடிவாரக் காய்ச்சல் அக்காலத்தின் எச்சமே. ஆனால் 2023-இல் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தபோது அரசுக் கடைகள் திறந்தே இருந்தன. அங்கு மாண்டோரில் பெரும்பாலோர் நடுவயதுக் கூலித் தொழிலாளர். அவர்களை எந்த வயது வரம்பும் தடுக்கவில்லை. அவர்களை அங்கே செலுத்தியது விலை. மலிவை நாடிச் செல்பவருக்கு வயதுத் தளர்வு மருந்தாகாது.

இனி எஞ்சுவது 18-க்கும் 21-க்கும் இடைப்பட்ட மூன்றாண்டுகளின் பயன். அது 19 வயதினரைக் குடியிலிருந்து முழுதும் தடுத்துவிடுகிறது எனக் கருதுவது மிகை. ஆலைச் சம்பளம் பெறும் 19 வயதினருக்கு வாங்கித்தர 22 வயது நண்பர் ஒருவர் எப்போதும் உண்டு. ஆயினும் முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் கடையில் ஓரிரு ஆண்டுப் பிழை நேர்வது இயல்பு. வரம்பு 21 ஆக உள்ளவரை அப்பிழை 19, 20 வயதினர் மேல் விழுகிறது. வரம்பு 18 ஆனால் அது பள்ளியில் பயிலும் 16, 17 வயதினர் மேல் விழும். இவ்வரம்பு காப்பது அது பெயர் சொல்லும் வயதினரைவிட அதற்குக் கீழே நிற்போரை என்பதே இக்கட்டுரையின் துணிபு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77-ஆம் பிரிவின்படி, மருத்துவர் ஆணையின்றி 18 வயது நிறையாதவருக்கு மது கொடுப்பவர்க்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. இன்று 20 வயதினரை 21 எனத் தவறாகக் கணிக்கும் விற்பனையாளர் மீறுவது ஒரு விற்பனை விதியை. வரம்பு குறைந்தபின் 17-ஐ 18 எனத் தவறாகக் கணித்தால் அவர் நிற்பது இப்பிரிவின்கீழ். அவருக்கு ஊதியம் வழங்குவதோ அரசின் கழகம்.