பழைய நிரலைப் படிப்போர்

‘கோபால்’ என்றதும் நம் ஊர்ப் பெயரென்று எண்ணிவிடாதீர்கள். வணிகக் கணக்குகளுக்கென 1959-இல் அமெரிக்காவில் வகுக்கத் தொடங்கிய கணிப்பொறி மொழி அது. 2020 ஏப்ரலில், கொள்ளைநோயால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் மலையெனக் குவிந்தபோது, நியூ ஜெர்சி மாநிலத்தின் அன்றைய ஆளுநர் பில் மர்ஃபி, அம்மொழி அறிந்த தொண்டர்களைப் பகிரங்கமாக அழைக்க நேர்ந்தது. நாற்பதாண்டு கடந்த நிரல்கள் அவை.

‘ஜாவாவில் பெயர்த்தெழுதினால் தீராதோ?’ என்பீர்கள். சொற்களைப் பெயர்க்க இன்று மென்பொருள்களே உண்டு. ஆனால் உதவித்தொகை யாருக்கு, எவ்வளவு, எந்நாள் முதல் என்னும் விதிகளில் பல, அவ்வரிகளுக்குள்ளேயே புதைந்து கிடக்கும். எழுதியோரோ ஓய்வு பெற்றிருப்பர். ஒரு வரி பிசகினால் ஏழை வீட்டில் அடுப்பெரியாது. ஆதலின் இப்பணிக்கு அமர்த்தப்படும் நிரலர்கள் கல்வெட்டுப் படிப்போரின் வேலையையே செய்கின்றனர் என்பேன். பழையதையும் புதியதையும் அருகருகே ஓட்டி, இரு விடைகளும் காசு பிசகாமல் ஒத்துவரும்வரை சரிபார்க்கின்றனர்.