கடைக்குப் போன சரக்கு விற்ற சரக்கா? அடாரி, 1982

போன மாசம் என் அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, வேலைக்குப் போய் சேர்த்த காசு மூணு லட்சம் இருக்கு. ஒரு கேம் கம்பெனி ஷேர்ல மொத்தமா போட்டுடலாம்னு பார்க்கிறேன், என்ன சொல்றீங்க?" ஏன் அந்தக் கம்பெனி என்று கேட்டேன். "எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தான் ஆடுறாங்க மாமா" என்றான்.

நான் பங்குச்சந்தை ஆலோசகன் இல்லை. வாங்கு, வாங்காதே என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் அவன் சொன்ன அதே காரணத்துக்காக ஷேர் வாங்கியவர்கள் 1982-ல் அமெரிக்காவில் ஏராளம். அவர்கள் கதையைத்தான் அவனுக்குச் சொன்னேன். இந்த எபிசோடும் அதுதான்.

அன்று வீடியோ கேம் என்றால் அடாரி. ஆனால் அடாரி ஷேர் என்று ஒன்றை நீங்க வாங்கியிருக்க முடியாது. நோலன் புஷ்னெல், டெட் டாப்னி இருவரும் 1972-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியை 1976-லேயே வார்னர் கம்யூனிகேஷன்ஸ் 2.8 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. வார்னருக்கு சினிமாவும் இசைத்தட்டும்தான் பழைய தொழில். ஆனால் 80-களின் தொடக்கத்தில் அதன் லாபத்தில் பாதிக்கு மேல் அடாரி கொடுத்தது. சினிமாக் கம்பெனி ஷேர் என்று நினைத்து வாங்கியவர் கையில் இருந்தது உண்மையில் கேம் கம்பெனி ஷேர்.

அந்த லாபம் எப்படி வந்தது என்று பார்க்கணும். 1977-ல் வந்த அடாரி கன்சோலை வாங்கியவர், அதில் ஆட கார்ட்ரிட்ஜ் கார்ட்ரிட்ஜாக வாங்கிக்கொண்டே இருக்கணும். 1980-ல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்ததும் அந்த ஒரு விளையாட்டுக்காகவே ஜனங்கள் கன்சோல் வாங்கினார்கள். கடைகளில் சரக்கு போதவில்லை.

கதையின் முடிச்சு இங்கேதான். 1981 கடைசியில் அடாரி தன் விநியோகஸ்தர்களிடம், அடுத்த வருஷம் முழுக்க என்ன வேண்டுமோ அதற்கு இப்போதே ஆர்டர் கொடுங்கள் என்றது. கேட்டதில் பாதிகூட வராமல் தவித்த கடைக்காரர் என்ன செய்வார்? நூறு வேண்டுமென்றால் இருநூறு எழுதுவார். பண்டிகைக்குச் சரக்கு எடுக்கும் எந்த வியாபாரியும் செய்கிற வேலைதான். எல்லாருமே அப்படி எழுதினார்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் தொழிற்சாலை ஓடியது.

இன்னொரு பக்கம், போட்டி வந்துவிட்டது. அடாரியின் புரோகிராமர்கள் சிலர் தங்கள் பெயரும் வெளியே தெரியணும், விற்பனையில் பங்கும் வேணும் என்று கேட்டு, கிடைக்காமல் வெளியேறி, 1979-ல் ஆக்டிவிஷனைத் தொடங்கியிருந்தார்கள். அடாரியின் கன்சோலுக்கே கார்ட்ரிட்ஜ் செய்து விற்றார்கள், நன்றாகவும் விற்றார்கள். அதைப் பார்த்து 1982-ல் யார் யாரோ இறங்கினார்கள். குவேக்கர் ஓட்ஸ் தெரியும்தானே, கஞ்சி ஓட்ஸ்! அவர்களிடமும் ஒரு கேம் கம்பெனி இருந்தது. கடை அலமாரி நிரம்பியது. முன்பு இருநூறு எழுதிய கடைக்காரர் இப்போது ஆர்டரை ரத்து செய்ய ஆரம்பித்தார்.

1982 டிசம்பர் 7-ம் தேதி வார்னர் ஒரு அறிவிப்பு விட்டது. அடாரி விற்பனை 50 சதவீதம் வளரும் என்று எல்லாரும் நம்பியிருக்க, 10 முதல் 15 சதவீதம்தான் வளரும் என்றது. கவனிங்க, நஷ்டம் என்று சொல்லவில்லை. வளர்ச்சி குறையும் என்றுதான் சொன்னது. மறுநாளே வார்னர் ஷேர் மதிப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு காலி.

அறிவிப்புக்கு 23 நிமிஷம் முன்னால் அடாரியின் தலைவர் ரே கஸார் தன் பங்குகளில் 5,000-ஐ விற்றிருந்தார். அவரிடம் இருந்ததில் அது சிறு பகுதிதான். பிறகு பங்குச்சந்தை ஆணையத்துடன் சமரசம் செய்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், லாபத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த வீழ்ச்சிக்கு ஈ.டி. என்ற கேம்தான் காரணம் என்று ஒரு பிரபலமான கதை உண்டு. ஸ்பீல்பெர்க் படத்தை வைத்து ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஐந்தே வாரத்தில் செய்த கேம் அது. விற்காத கார்ட்ரிட்ஜ்களை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் புதைத்தார்கள், 2014-ல் தோண்டியும் எடுத்தார்கள். சுவாரசியமான கதைதான், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. வார்னர் அறிவிப்பு வந்தபோது ஈ.டி. அப்போதுதான் கடைக்கே வந்துகொண்டிருந்தது. ஓட்டை அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 1983-ல் அடாரியின் நஷ்டம் 50 கோடி டாலரைத் தாண்டியது. 1984-ல் அதன் வீட்டு கேம், கம்ப்யூட்டர் பிரிவை ஜாக் டிரமியலிடம் தள்ளிவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மருமகன், "அது அந்தக் காலம் மாமா, இப்ப கார்ட்ரிட்ஜும் இல்ல, கடையும் இல்ல" என்றான். நியாயமான கேள்வி. அதனால் 2016-ஐயும் சொன்னேன். ஜூலையில் போக்கிமான் கோ வந்தது, தெருவெல்லாம் ஜனங்கள் போனைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள். இரண்டு வாரத்தில் நிண்டெண்டோ ஷேர் இரண்டு மடங்கானது. ஆனால் கேமைச் செய்தது நியான்டிக். உரிமை வைத்திருந்த போக்கிமான் கம்பெனியில் நிண்டெண்டோவின் பங்கு 32 சதவீதம். எங்களுக்கு இதில் பெரிய வருமானம் வராது என்று ஜூலை 22-ம் தேதி நிண்டெண்டோவே அறிக்கை விட்டது. 25-ம் தேதி சந்தை திறந்ததும் ஷேர் ஏறக்குறைய 18 சதவீதம் விழுந்தது. அந்த 32 சதவீதம் ஒன்றும் ரகசியம் இல்லை. படிக்கத்தான் ஆளில்லை.

வேடிக்கை என்னவென்றால், உச்ச விலையில் வாங்கி, விழுந்தபோதும் விற்காமல் வைத்திருந்தவர் ஒரு வருஷத்தில் லாபம் பார்த்தார். 2017 மார்ச்சில் ஸ்விட்ச் கன்சோல் வந்து காப்பாற்றியது. அவர் வாங்கிய காரணம் தப்பு, லாபம் மட்டும் நிஜம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் அவனை ஏமாற்றின மாதிரி ஆகிவிடும்.

கடைசியில் அவனிடம் இரண்டு விஷயம்தான் கேட்டேன். உன் ஆபீஸ்ல ஆடுறாங்களே, அதில் எத்தனை பேர் காசு கொடுக்கிறாங்க? அந்தக் காசு நீ வாங்கப்போற கம்பெனிக்குத்தான் போகுதா? தெரியலை என்றான். இப்போது அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை டவுன்லோடு பண்ணி வைத்திருக்கிறான், இருநூறு பக்கம். நேற்று ராத்திரி மெசேஜ்: "மாமா, நாப்பதாவது பக்கத்துல இருக்கேன். கேம் வேற யாரோடதோ போலிருக்கு."

மூணு லட்சம் இன்னும் அவன் பேங்க் அக்கவுண்ட்லதான் இருக்கு.