தடுப்புக்கு அப்பால்: தேர்வு என்னும் காட்சி

1965 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி ‘டேட்டிங் கேம்’ என்றொரு விளையாட்டைத் தொடங்கிற்று. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பெண். அந்தப் பக்கம் முகம் தெரியாத மூன்று ஆண்கள். பதில்களை மட்டும் கேட்டு அவள் ஒருவனைத் தேர்வாள். தயாரிப்பு சக் பாரிஸ். தொகுப்பாளர் ஜிம் லாங். தேர்ந்த ஜோடியை ஊர்சுற்ற அனுப்பும்போது கூடவே ஒரு துணையாளையும் அனுப்பினார்கள். சுதந்திரத் தேர்வு எனக் கொண்டாடப்பட்டது பிறக்கும்போதே காவலோடுதான் பிறந்திருக்கிறது. தொகுப்பாளரை, சிரிக்கத் தெரிந்த காவல் என்று வாசிக்கிறேன்.

இடையில் நிற்கும் ஆள் நமக்குப் புதிதல்ல. அகமரபின் தோழி தூது போவாள், தலைவிக்காகப் பேசுவாள். கடைசியில் வீட்டாரிடம் களவை எடுத்துச்சொல்லி அறத்தொடு நிற்பாள். தொகுப்பாளர் யார் பக்கம் நிற்கிறார்?

எங்கள் கரைக்குத் தொலைக்காட்சி கடல் தாண்டி வந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியதும் ஆன்டெனாக்கள் இலங்கைப் பக்கம் திரும்பின. பிற்பாடு இராமேஸ்வரத்தில் 323 மீட்டர் கோபுரம் எழுந்தது, கேபிளும் வந்தது. 2000இல் சன் டிவியின் ‘கல்யாண மாலை’ தரகு வேலையை மேடையேற்றியது. 2009இல் என்டிடிவி இமேஜின் ‘ராக்கி கா சுயம்வர்’ நடத்தியது. நிச்சயதார்த்தம் நடந்தது, கல்யாணம் நடக்கவில்லை. ‘சுயம்வரம்’ என்ற சொல்லின் சூது, இராமன் பேரில் ஊர் வைத்திருக்கும் எங்களுக்குத் தெரியாததா? மாலை சீதை கையில்; வில்லைக் கொண்டுவந்து வைத்தது ஜனகன். தேர்வின் எல்லையைத் தேர்பவள் போடுவதில்லை.

2018 பிப்ரவரியில் கலர்ஸ் தமிழ் ‘எங்க வீட்டு மாப்பிள்ளை’யோடு களமிறங்கியது. நடிகர் ஆர்யா, 16 பெண்கள், தொகுப்பாளராக நடிகை சங்கீதா. இப்போது தேர்பவன் ஆண், பெண்கள் வரிசையில். ஏப்ரலில் அவர் யாரையும் தேரவில்லை. ‘அதான் கட்டலேன்னுட்டானே, அப்புறம் எதுக்குய்யா இத்தனை நாளு?’ என்றார் டீக்கடையில் ஒருத்தர். எந்தக் கோட்பாட்டுக்கும் குறையாத கேள்வி. கல்யாணம் நடந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. காத்திருப்பு நீண்டால்தான் விளம்பரம் நீளும். விற்கப்பட்ட சரக்கு காதல் அல்ல, காத்திருப்பு.

ஆட்டம் ஓடிய அதே வாரங்களில், 2018 மார்ச் 27 அன்று, சக்தி வாஹினி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது: வயதுவந்த இருவர் மணந்துகொள்வதில் சாதிக்கூட்டம் தலையிடுவது சட்டவிரோதம். அதற்கு ஈராண்டு முன்பு, 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மீறிய தேர்வுக்கான தண்டனை அது. அந்தக் கேமரா பதிவைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஓட்டின. தேர்வு விளையாட்டாகவும் தேர்வின் தண்டனை செய்தியாகவும் ஒரே பெட்டிக்குள் வருகின்றன. இரண்டையும் ஒரே குடும்பம் சோறு தின்றுகொண்டே பார்க்கிறது. முதல் காட்சியில் சாதி பேசப்படாது; இரண்டாவதில் சாதிதான் கதை. நடுவில் இருக்கும் தடுப்பு, 1965இல் பாரிஸ் வைத்ததைக் காட்டிலும் கெட்டியானது.

‘எங்க வீட்டு’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எந்த வீடு? யார் உள்ளே வரலாம்? முதுகுளத்தூர் 1957ஐ மறக்காத மாவட்டத்தில் இது வெறும் தலைப்பு அல்ல. பெண் தானாகத் தேர்ந்துவிட்டு வாசலில் வந்து நிற்கும்போது கேமரா இருக்காது, தொகுப்பாளரும் இருக்கமாட்டார். அப்போது அறத்தொடு நிற்கப்போகும் தோழி யார் என்பதைத் தோழர்கள்தான் சொல்லவேண்டும்.